1971: ஒரு லாரியும் ஒரு மாடிப்படியும்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கல் கட்டடம். போக்கிடமற்ற ஏழைகளுக்காக 1795-ல் கட்டியது. மூன்று தளம், உயரமான கூடம், கூடத்திலிருந்து மேலேறும் படிக்கட்டு. 1971-ன் தொடக்கத்தில், குளிர் எலும்பைத் துளைக்கும் நாட்களில், லெட் செப்லின் குழுவின் நால்வரும் அங்கே போய்த் தங்கிப் பாட்டு கட்டினார்கள். கூடத்தில் டிரம்ஸைப் போட்டு ஜான் பான்ஹமை உட்கார வைத்தார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே இரண்டு மைக்குகளை எடுத்துக்கொண்டு படியேறிப் போய், மேலிருந்து கீழே பார்க்கத் தொங்கவிட்டார்.

டிரம்ஸின் தோலுக்குப் பக்கத்திலேயே மைக் வைத்துப் பதிவது ஸ்டுடியோக்களின் வழக்கம். இங்கே மைக் எட்டத்தில் இருக்கிறது. அடி விழுந்ததும் கூடம் அதை வாங்கிச் சுவரில் மோதவிட்டுப் படிக்கட்டில் ஏற்றி மேலே அனுப்புகிறது. 'வென் த லெவீ பிரேக்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் தனியாக வருகிற அந்த டிரம்ஸைக் கேளுங்கள். ஒரு வீடே எழுந்து நடந்துவருவதுபோல இருக்கும். போதாததற்கு, பதிவான டேப்பின் வேகத்தையும் குறைத்து அந்த நடையை இன்னும் கனமாக்கினார்கள். பாட்டின் மூலம் மெம்பிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பாடியது. 1927-ல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்களின் வீட்டைக் கொண்டுபோன வெள்ளத்தைப் பற்றியது. ஏரிக்கரை உடையும் இரவுகளை அறிந்த ஊர்க்காரனுக்கு இந்தப் பாட்டின் சொற்கள் புரியவேண்டிய அவசியமே இல்லை. டிரம்ஸே சொல்லிவிடும்.

அந்தக் கட்டடத்தின் வாசலில் ஒரு லாரி நின்றிருந்தது. அதற்குள் டேப் இயந்திரமும் ஒலிக்கலவை மேசையும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தங்களுக்காகச் செய்துகொண்டு, மற்றவர்களுக்கும் வாடகைக்கு விட்ட நடமாடும் ஒலிப்பதிவுக்கூடம் அது. அந்த யோசனையின் சொந்தக்காரர் இயன் ஸ்டூவர்ட், ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். தோற்றம் பொருந்தவில்லை என்று குழுவின் பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர். ஆனாலும் போகாமல் கூடவே இருந்து, பியானோ வாசித்து, சாமான் ஏற்றி இறக்கி, கடைசிவரை உழைத்தவர். ஹெட்லி கிரேஞ்சுக்கு லாரியோடு வந்தவர், 'ராக் அண்ட் ரோல்' என்ற பாட்டில் பியானோவும் வாசித்துவிட்டுப் போனார்.

1971-ஐப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த லாரிதான். அதற்கு முன்பு குழுக்கள் ஸ்டுடியோவுக்குப் போய்க்கொண்டிருந்தன. இந்த ஆண்டில் ஸ்டுடியோ குழுக்களைத் தேடி வந்தது. பழைய மாளிகை, கூடம், நிலவறை, குளியலறை என்று எங்கெல்லாமோ இசை பதிவானது. 8 டிராக்கிலிருந்து 16 டிராக்குக்கு இயந்திரங்கள் மாறிக்கொண்டிருந்த காலம். வேண்டிய கருவியைத் தனித்தனியாகப் பிரித்துப் பதியும் வசதி வந்துவிட்டது. இருந்தும் மனிதர்கள் இன்னும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். அதனால் அந்த ஆண்டின் நல்ல ஆல்பங்களில், பாட்டோடு சேர்ந்து பாட்டு பிறந்த இடமும் காதில் விழுகிறது.

1971-ன் ராக் ஆல்பங்களில் பத்தை அடுக்கும் என் தரவரிசைக்கு அளவுகோல் அதுதான். விற்பனை எண்ணிக்கையும் விமர்சகர்களின் நட்சத்திரங்களும் எனக்கு வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போது வாசிப்பவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் எனக்குத் தெரிகிறதா? அவர்கள் மூச்சுவிடுவது கேட்கிறதா? நாற்பது ஆண்டுகளாக இந்தப் பத்து ஆல்பங்களை இப்படித்தான் முன்னும் பின்னும் மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மேலே சொன்ன லெட் செப்லினின் நான்காவது ஆல்பம் என் வரிசையில் இரண்டாம் இடம். முதலிடத்துக்கு வர நேரமாகும்.

வரிசையில் வராத பெரியவர்களுக்கு முதலில் வணக்கம் சொல்லிவிடுகிறேன். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்', ஜோனி மிட்செலின் 'ப்ளூ', கரோல் கிங்கின் 'டாபெஸ்ட்ரி' மூன்றும் இதே 1971-ல் வந்தவைதான். மூன்றும் என் வீட்டில் நிரந்தரமாக ஒலிப்பவை. ராக் என்ற பெயரை ஒட்டி இவற்றை இந்த வரிசையில் நிறுத்துவது அவற்றுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஜெர்மனியில் ஒரு கோட்டைக்குள் உட்கார்ந்து கேன் குழு பதிவுசெய்த 'டாகோ மாகோ', எடி ஹேசல் பத்து நிமிடம் கிட்டாரில் அழும் ஃபங்கடெலிக்கின் 'மேகட் பிரெய்ன்' இரண்டும் பதினோராவது இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அடுத்த ஆண்டு இதே பட்டியலை எழுதினால் இவற்றில் ஒன்று உள்ளே வந்துவிடலாம்.

பத்தாவது, பிளாக் சாபத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. இதில் கேட்பது ஓர் உடம்பு. டோனி அயாமி 17 வயதில் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையை விடுவதாக இருந்த கடைசி நாளில், இயந்திரம் அவருடைய வலதுகையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துக்கொண்டது. அவர் இடதுகைப் பழக்கக்காரர். கிட்டாரின் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலதுகைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். பிறகு வலி குறையத் தந்திகளைத் தளர்த்தினார். தளர்ந்த தந்தி தாழ்ந்த சுருதியில் பேசும். இந்த ஆல்பத்தின் பல பாட்டுகளில் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியிருக்கிறது கிட்டார். ஹெவி மெட்டல் என்று இன்று உலகம் முழுவதும் ஒலிக்கிற அந்தக் கனத்த, இருண்ட நாதத்தின் பெரும்பகுதி இரண்டு வெட்டுப்பட்ட விரல்களிலிருந்து வந்தது. ஆல்பத்தில் நாம் கேட்கும் முதல் ஒலியே அயாமியின் இருமல்.

ஒன்பதாவதாக டோர்ஸின் 'எல்.ஏ. வுமன்'. அவர்களுடைய தயாரிப்பாளர் பாட்டுகள் பிடிக்காமல் விலகிக்கொண்டார். குழு தங்கள் ஒத்திகை அறையிலேயே இயந்திரங்களைப் பொருத்திக்கொண்டது. பாடும் அறை தனியாக இல்லாததால் ஜிம் மாரிசன் குளியலறையில் நின்று பாடினார். 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்' பாட்டில் அவர் குரலுக்கு அடியிலேயே இன்னொரு குரல், அவருடையதே, கிசுகிசுப்பாக ஓடுகிறது. ஒரு மழை இரவில் ஹெட்போன் போட்டுக் கேட்கும்வரை பல ஆண்டுகள் நான் அதைக் கவனிக்கவில்லை. ஏப்ரலில் ஆல்பம் வந்தபோது அவர் பாரிசுக்குப் போய்விட்டிருந்தார். ஜூலை 3 அன்று அங்கேயே இறந்தார். வயது 27.

எட்டாவது பிங்க் ஃப்ளாயிடின் 'மெடில்'. உண்மையில் இதன் இரண்டாம் பக்கம் மட்டும்தான் எனக்கு. பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, 'எக்கோஸ்', 23 நிமிடத்துக்கும் மேல். கையில் பாட்டே இல்லாமல் ஸ்டுடியோவுக்குள் போனவர்கள், கிடைத்த துண்டுகளுக்கெல்லாம் 'ஒன்றுமில்லை' என்ற பொருள்படப் பெயர் வைத்து எண் போட்டார்கள். அந்தத் துண்டுகளில் ஒன்று, ரிக் ரைட் பியானோவின் ஒரே ஒரு கட்டையைத் தட்டி, அதைச் சுழலும் ஒலிபெருக்கி வழியாக அனுப்பியபோது கிடைத்த ஒற்றைச் சொட்டு ஓசை. கிணற்றில் கல் விழுந்ததுபோல. அந்தச் சொட்டிலிருந்துதான் முழுப் பாட்டும் விரிகிறது. நடுவில் கடற்பறவைபோல ஓர் அலறல் வரும். கிட்டாரின் வா-வா பெடலில் இணைப்பைத் தலைகீழாகச் செருகியதால் பிறந்த ஒலி அது. தவறைத் தூக்கிப்போடாமல் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார் டேவிட் கில்மோர்.

ஏழாவது இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 'தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்'. பெயரைப் பார்த்துவிட்டு பஜனை கேசட் என்று நினைத்து வாங்கினால் முதல் நிமிடத்திலேயே தூக்கிவாரிப்போடும். இங்கிலாந்துக்காரர் ஜான் மெக்லாக்லின் கிட்டார், பனாமாவில் பிறந்த பில்லி கோபம் டிரம்ஸ், பிராகாவிலிருந்து வந்த யான் ஹாமர் கீபோர்டு, அயர்லாந்தின் ரிக் லேர்ட் பேஸ், அமெரிக்கர் ஜெர்ரி குட்மேன் வயலின். ஸ்ரீ சின்மோய் என்ற குரு மெக்லாக்லினுக்குச் சூட்டிய பெயர்தான் மகாவிஷ்ணு. பாட்டுக்குச் சொல் கிடையாது. 'தி டான்ஸ் ஆஃப் மாயா' பத்து எண்ணிக்கையில் ஓடும். தொடையில் தட்டிப் பாருங்கள். மூன்றாவது சுற்றில் கை தவறும், ஐந்தாவதில் பிடிபடும்.

மெக்லாக்லின் இத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோரோடு 'சக்தி' குழுவைக் கட்டினார். கர்நாடக இசையின் கணக்கு வழக்குகள் மேற்கத்திய மேடையில் சரிசமமாக உட்கார்ந்தது அந்தக் குழுவில்தான். 1971-ன் இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது, அந்த வீட்டுக்கு ஏற்கெனவே அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. மின்சாரமும் ஆவேசமும் அதிகம், மூச்சுவிட இடம் குறைவு. ஏழாம் இடத்தில் நிற்பது அதனால்தான்.

இந்தியா என்று வந்துவிட்டதால் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். வங்கதேச அகதிகளுக்காக பண்டிட் ரவிசங்கர் கேட்டுக்கொள்ள, ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய இரண்டு கச்சேரிகள். மொத்தம் சுமார் 40,000 பேர். ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா, தம்பூராவுடன் கமலா சக்கரவர்த்தி மேடையேறிச் சுருதி சேர்த்தார்கள். சுருதி சேர்த்ததையே பாட்டு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் மென்மையாகச் சொன்னது மூன்று தட்டு ஆல்பத்தில் பதிவாகியிருக்கிறது. பலர் அந்த இடத்தில் சிரிப்பார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கும். தெரியாத ஒன்றின் முன்னால் அவ்வளவு ஆர்வத்தோடு உட்கார்ந்திருந்த கூட்டம் அது. அந்த ஆல்பம் டிசம்பரில் வந்தது. எண் கொடுத்து அதை வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆறாவது ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்'. ஆண்டி வார்ஹோலின் யோசனையில் அட்டையில் நிஜமான ஜிப் வைத்தார்கள். அடுக்கி அனுப்பியபோது ஜிப்பின் முனை மேலே இருந்த இசைத்தட்டை அழுத்திக் கெடுத்தது. பிறகு ஜிப்பைப் பாதி இறக்கிவைத்து, அழுத்தம் தட்டின் நடுவிலுள்ள காகித வட்டத்தில் விழும்படி செய்தார்கள். அட்டையின் கதை இவ்வளவு பேசப்படுவதில் எனக்கு வருத்தம் உண்டு. 'கான்ட் யூ ஹியர் மி நாக்கிங்' என்று ஒரு பாட்டு. மூன்று நிமிடம் போல் ஆனதும் பாட்டு முடிந்துவிட்டது. ஆனால் யாரும் கருவியைக் கீழே வைக்கவில்லை. ஒருவர் எதையோ தொடர, இன்னொருவர் சேர, பாபி கீஸின் சாக்ஸபோன் நுழைய, பிறகு மிக் டெய்லரின் கிட்டார் யாரையும் தொந்தரவு செய்யாமல் எழுந்து நடக்க, இன்னும் நான்கு நிமிடம். டேப் ஓடிக்கொண்டிருந்ததால் நமக்குக் கிடைத்தது. நல்ல கச்சேரியில் மங்களம் பாடப்போகும் நேரத்தில் பாடகருக்கு ஏதோ தோன்றி ஒரு விருத்தம் எடுப்பார் பாருங்கள், அந்தச் சுகம்.

ஐந்தாவது டேவிட் பௌயியின் 'ஹங்கி டோரி', டிசம்பர் 17 அன்று வந்தது. இதில் 'லைஃப் ஆன் மார்ஸ்' பாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. 1968-ல் ஒரு பிரெஞ்சுப் பாட்டுக்கு ஆங்கிலச் சொல் எழுதும் வேலை இளைஞர் பௌயிக்கு வந்தது. எழுதினார், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே மெட்டுக்கு பால் ஆன்கா எழுதியது 'மை வே' ஆகி, ஃபிராங்க் சினாட்ராவின் குரலில் உலகம் சுற்றியது. அந்த ஏமாற்றத்தை மூன்று ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து, அதே சுரக்கோவையின் சாயலில் அதைவிட விசித்திரமான ஒன்றைக் கட்டினார் பௌயி. பியானோ ரிக் வேக்மேன். நரம்புக் கருவிகளுக்கான இசையமைப்பு மிக் ரான்சன். ஹல் நகரில் நகராட்சித் தோட்டக்காரராக இருந்தவர் அவர். பாட்டு பிரம்மாண்டமாக ஏறி முடிந்து, ஓசையெல்லாம் அடங்கிய பிறகு, தூரத்தில் பியானோவும் ஒரு தொலைபேசி மணியும் கேட்கின்றன. முந்தைய பதிவு ஒன்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஸ்டுடியோவின் தொலைபேசி அடித்துக் கெடுத்துவிட்டது. அந்த மிச்சத்தை அழிக்காமல் விட்டுவைத்தார்கள். அந்த மணி அடிக்கும்போது எனக்கு லண்டனின் டிரைடன்ட் ஸ்டுடியோவே கண்முன் வரும், சுவர், கதவு, கடுப்பான முகங்கள் எல்லாமாக.

நான்காவது ஆல்பத்தைப் பற்றி மெதுவாகத்தான் எழுத முடியும். ஜானிஸ் ஜாப்ளினின் 'பேர்ல்', 1971 ஜனவரியில் வந்தது. 1970 அக்டோபர் 1 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோவில், எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் காலைத் தட்டிக்கொண்டு 'மெர்சிடிஸ் பென்ஸ்' என்ற சின்னப் பாட்டை ஒரே மூச்சில் பாடினார். இரண்டு நிமிடம்கூட இல்லை. முடித்ததும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பும் தட்டில் இருக்கிறது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 4, விடுதி அறையில் இறந்து கிடந்தார். 27 வயது. 'பரீட் அலைவ் இன் த ப்ளூஸ்' என்ற பாட்டுக்குக் குழு வாசித்து முடித்திருந்தது. அடுத்து அவர் வந்து பாட வேண்டும். தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட் வேறு யாரையும் கூப்பிடவில்லை. குரலில்லாமல் அப்படியே ஆல்பத்தில் வைத்தார்.

அந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டபோது எனக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. வாத்தியம் நன்றாக இருக்கிறதே, இவர் எப்போது பாடத் தொடங்குவார் என்று காத்திருந்தேன். கிட்டார் இடம் விடுகிறது, ஆர்கன் ஒதுங்கி நிற்கிறது, வழியெல்லாம் திறந்திருக்கிறது. பாடவே இல்லை. விவரம் தெரிந்த பிறகும் ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறேன்.

மூன்றாவது 'ஹூஸ் நெக்ஸ்ட்'. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் அந்த ஆண்டு 'லைஃப்ஹவுஸ்' என்று மிகப் பெரிய கனவு ஒன்றைக் கண்டார். திரைப்படம், கதை, கச்சேரி எல்லாம் சேர்ந்தது. மனிதர்களின் தகவல்களைச் சின்தசைசருக்குள் ஊட்டினால் ஒவ்வொருவருக்கும் உரிய இசை வெளியே வரும், எல்லோருடைய இசையும் சேர்ந்தால் ஒரே சுரமாகும் என்பது அதன் உள்ளே இருந்த எண்ணம். குழுவுக்குப் புரியவில்லை, நண்பர்களுக்குப் புரியவில்லை. டவுன்ஷெண்ட் மனமுடைந்து நொறுங்கும் நிலைக்கே போனார். கடைசியில் தயாரிப்பாளர் கிளின் ஜான்ஸ், கதையை மறந்துவிட்டுப் பாட்டுகளை மட்டும் எடுத்து ஒரே தட்டாகப் போடலாம் என்றார். இடிந்த கோயிலின் தூண்களை எடுத்து வந்து வீடு கட்டினதுபோல அமைந்தது அந்த ஆல்பம். அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு பாட்டும் தன் அளவுக்கு மீறிய கனத்தோடு நிற்கிறது.

முதல் பாட்டு 'பாபா ஓ'ரைலி'. டவுன்ஷெண்டின் குரு மெஹர் பாபா, அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி, இருவர் பெயரையும் சேர்த்துக் கோத்தது. புனேயில் பிறந்த மெஹர் பாபா 1925-ல் மௌனத்தில் இறங்கியவர். 1969-ல் மறையும்வரை பேசவில்லை. உலகிலேயே அதிகச் சத்தம் போடும் குழு என்று பெயரெடுத்தவர்கள், வாய்பேசாத ஒருவருக்காகக் கட்டிய பாட்டு இது. தொடக்கத்தில் துள்ளித் துள்ளி ஓடுகிற அந்த ஓசையைப் பலரும் சின்தசைசர் என்று நினைக்கிறார்கள். லோரி என்ற வீட்டு ஆர்கனில், அழுத்திய சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டித் தருகிற மரிம்பா அமைப்பைப் போட்டு, டவுன்ஷெண்ட் கையால் வாசித்தது. கடைசியில் டேவ் ஆர்பஸின் வயலின் வேகமெடுக்க, கீத் மூனின் டிரம்ஸ் துரத்த, பாட்டு வட்டமடித்து மேலே போய்விடும். நம் ஊர்த் திருவிழாவில் மல்லாரி முடிந்து சாமி புறப்படும் நேரத்து வேகம் அது.

இதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்', எட்டரை நிமிடம். அதன் அடித்தளத்தை மிக் ஜாகரின் ஸ்டார்குரோவ்ஸ் மாளிகையில் பதிந்தார்கள். வாசலில் நின்றது, ஆமாம், அதே லாரி. 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்தின் சில பாட்டுகளும் அதே மாளிகையில், அதே லாரியில் பதிவானவை. டிசம்பரில் அந்த லாரி டீப் பர்ப்பிள் குழுவுக்காக சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகருக்குப் போனது. அங்கே ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது கூடம் தீப்பற்றி எரிந்தது. ஏரிமேல் பரவிய அந்தப் புகைதான் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டானது. அது வந்த 'மெஷின் ஹெட்' 1972-ன் ஆல்பம். அதனால் இந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. லாரி இன்று கனடாவின் கால்கரி நகரில் ஓர் இசை அருங்காட்சியகத்தில் ஓய்வெடுக்கிறது. ஒருநாள் போய் அதன் பக்கவாட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாவது இடத்துக்காரர்களை முதலிலேயே பார்த்துவிட்டோம். ஒன்று மட்டும் மிச்சம். அந்த ஆல்பத்தின் அட்டையில் பெயரும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. முதுகில் விறகுக்கட்டு சுமந்து நிற்கும் ஒரு கிழவரின் படம் மட்டும். பாடகர் ராபர்ட் பிளான்ட் பழைய பொருள் கடையில் வாங்கியது. அரை நூற்றாண்டுக்குமேல் கிழவர் யாரென்று உலகுக்குத் தெரியவில்லை. 2023-ல்தான் ஒரு பழைய புகைப்படத் தொகுப்பிலிருந்து தெரியவந்தது: லாட் லாங், இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் கூரை வேய்ந்து பிழைத்தவர், படம் எடுத்தது 1892-ல். கோடிக்கணக்கான வீடுகளில் தன் படம் இருக்கப்போவது தெரியாமல், கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் சிரமத்தோடு நிற்கிறார்.

இனி முதலிடம்.

1984-ல் நான் சென்னையில் விடுதி மாணவன். அண்ணா சாலைப் பக்கத்துச் சந்து ஒன்றில் கேசட் பதிந்து தரும் கடை இருந்தது. வெற்று கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் நான்கு நாளில் பதிந்து தருவார்கள். ஒரு நாள் அலமாரியில் கறுப்பு வெள்ளை அட்டையோடு ஓர் இரட்டைத் தட்டு. செங்கல் சுவர் முன்னால், சாமான் பெட்டிகளுக்கு நடுவே ஆறு பேர் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே கேட்டேன். கடைக்காரர் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு தட்டு. மொத்தமே ஏழு பாட்டுதான். தொண்ணூறு நிமிஷ கேசட் முழுசாப் போயிடும். பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்'.

நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூவில் பில் கிரஹாம் நடத்திய அரங்கம் ஃபில்மோர் ஈஸ்ட். 1971 மார்ச் மாதம் அங்கே வாசித்ததைப் பதிந்தவர் டாம் டவுட். இளம் வயதில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கான ஆய்வில் வேலைசெய்து, பிறகு வாழ்நாள் முழுவதும் இசைப்பதிவில் கழித்தவர். குழுவினர் ஊதுகருவிக்காரர்களையும் மேடையேற்றியிருந்தார்கள். சுருதி சேரவில்லை, அவர்கள் வேண்டாம் என்று முதல் நாளே டவுட் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு முடிவால் ஆல்பம் பிழைத்தது. மார்ச் 13 இரவுக் கச்சேரி வெடிகுண்டு மிரட்டலால் தள்ளிப்போய், விடியற்காலையில்தான் முடிந்தது.

இரண்டு கிட்டார், இரண்டு டிரம்ஸ். நம் காதுக்கு இது புதிதில்லை. ஜோடி நாயனம், ஜோடித் தவில் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டூவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும் 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்' பாட்டில் ஒரே இழையில் சேர்ந்து போவார்கள், பிரிவார்கள், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிக்கொண்டு மேலே போவார். அடுத்தவர் வாசிப்பதை ஒருவர் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்பது தெளிவாகத் தெரியும். எலிசபெத் ரீட் ஒரு கல்லறைக் கல்லில் இருந்த பெயர். ஜார்ஜியா மாநிலம் மேக்கன் நகரின் ரோஸ் ஹில் இடுகாட்டில் குழுவினர் பொழுதுபோக்கச் சுற்றுவதுண்டு.

முதல் பாட்டு 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்'. அதில் கிட்டார் தந்திமேல் வழுக்கிக்கொண்டு ஓடுவது ஒரு சளி மாத்திரைப் பாட்டில். டூவேன் 22-வது பிறந்தநாளில் உடம்பு சரியில்லாமல் கிடந்தார். தம்பி கிரெக் மேல் கோபம் வேறு. தம்பி ஒரு மாத்திரைப் பாட்டிலையும் தாஜ் மஹால் என்ற பாடகரின் இசைத்தட்டையும் அண்ணனின் வாசலில் வைத்துவிட்டு ஓடிவிட்டார். சற்று நேரத்தில் அண்ணனிடமிருந்து அழைப்பு, உடனே வா என்று. மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, பாட்டிலை விரலில் மாட்டிக்கொண்டு, அந்தத் தட்டிலிருந்த இதே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார் டூவேன்.

கடைசிப் பக்கம் முழுவதும் 'விப்பிங் போஸ்ட்'. கிரெக் எழுதியது. நள்ளிரவில் பாட்டு வந்தபோது காகிதம் கிடைக்காமல், எரிந்த தீக்குச்சியால் இஸ்திரிப் பலகையின் துணிமேல் எழுதினாராம். தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள்: மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் பதினொன்று. அது பதினொரு எண்ணிக்கை என்பதே அவருக்குத் தெரியாது. அண்ணன்தான் எண்ணிச் சொன்னார். அந்தக் கணக்கு தெரியாமலேயே விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணி நானும் அதைக் கண்டுபிடித்தேன். அந்த இரவின் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி, கிட்டார் மட்டும் தனியாக எதையோ தேடிக்கொண்டு போகும். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அமைதி கேட்கிறது. நான் சொன்ன அளவுகோலுக்கு இதற்குமேல் சான்று வேண்டாம். ஆல்பம் ஜூலையில் வந்தது. அதற்குச் சற்று முன், ஜூன் 27 அன்று, ஃபில்மோர் ஈஸ்ட் மூடப்பட்டது. கடைசி இரவின் கடைசிக் கச்சேரியும் இவர்களுடையதுதான். அக்டோபர் 29 அன்று மேக்கனில் மோட்டார் சைக்கிளில் போன டூவேன், எதிரே நின்ற ஒரு லாரியைத் தவிர்க்கப் போய் விழுந்து இறந்தார். வயது 24. ரோஸ் ஹில்லில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

'விப்பிங் போஸ்ட்' 22 நிமிடத்துக்கு மேல் ஓடி முடிகிறது. கைதட்டல் எழுகிறது. ஆனால் டிம்பனி முழவு மட்டும் ஓயாமல் உருண்டுகொண்டிருக்கிறது. கைதட்டலுக்கு அடியிலேயே அவர்கள் அடுத்த பாட்டை எடுத்துவிட்டார்கள். மெல்ல, அருமையாக, நாலைந்து சுரம் கேட்கிறது. அதற்குள் ஒலி மங்கித் தட்டு முடிகிறது. அந்த அடுத்த பாட்டு, 'மவுண்டன் ஜாம்', 33 நிமிடம், 1972 பிப்ரவரியில் வேறொரு ஆல்பத்தில்தான் முழுமையாக வெளிவந்தது. அப்போது டூவேன் இல்லை.

எனக்கு அந்த விவரம் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. என் கேசட்டில் அந்தச் சுரங்கள் மங்கிய பிறகு நான்கு நிமிட வெற்று டேப் இருந்தது. திரும்பி வருவார்கள் என்று நினைத்து, அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே, பிளேயர் தானாக டொக்கென்று நிற்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.